ஓர் உலாவியில் சீராக, இன்னொன்றில் சிதறி: இணையப் பக்கத்தைச் சரிசெய்யும் வழி

எங்கள் ஊர் வாசகசாலைக்குச் சிறிய இணையப் பக்கம் ஒன்று செய்து கொடுத்தேன். மேலே வாசகசாலையின் பெயர். அதன் கீழே புதிதாக வந்த நூல்கள், வரிசைக்கு மூன்று அட்டைகளாக. பிறகு உறுப்பினர் படிவம். திரையின் அடியில் எப்போதும் தெரியும்படி ‘உறுப்பினராகச் சேர’ என்ற பொத்தான். என் மடிக்கணினியில் எல்லாம் நினைத்தபடியே நின்றன. வாசகசாலைக் கணினியில் வேறோர் உலாவியில் திறந்தபோது மூன்றாவது நூல் அட்டை அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. செயலாளர் தன் பழைய ஐபோனில் திறந்தார். அதில் பொத்தானையே காணவில்லை. யாருக்காக அந்தப் பக்கத்தைச் செய்தேனோ அவர் கையிலேயே அது பயன்படவில்லை என்பது அன்று மிகவும் வருத்தியது.

அந்தப் பக்கத்தைச் சரிசெய்த முறையையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் அரிச்சுவடி தெரிந்திருந்தால் போதும். சிஎஸ்எஸ் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் எழுத வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் சிதறினால் உலாவியின் மீது பழி போடத் தோன்றும். என் அனுபவத்தில் பெரும்பாலான சிதறல்களுக்குக் காரணம் நாம் எழுதாமல் விட்டது. ஓரம் எவ்வளவு, எழுத்துரு எது, வரிக்கு வரி இடைவெளி எவ்வளவு என்று நாம் சொல்லாத ஒவ்வொன்றையும் உலாவி தன் வழக்கப்படி நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வோர் உலாவியின் வழக்கமும் சற்றே வேறு. ஆகவே சரிசெய்வது என்றால், சொல்லாமல் விட்டது எது என்று கண்டுபிடித்து அதைச் சொல்வதுதான்.

உலாவிகள் பல, என்ஜின்கள் சில

உலாவியின் பெயரை மட்டும் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். பக்கத்தை வரைந்து காட்டுவது அதன் உள்ளே இருக்கும் என்ஜின். இன்று பெரும்பாலானோர் பயன்படுத்தும் உலாவிகள் மூன்று என்ஜின்களில் அடங்கிவிடும். குரோம், எட்ஜ், ஓப்பெரா, பிரேவ், சாம்சங் இன்டர்நெட் ஆகியவற்றில் இருப்பது பிளிங்க். ஃபயர்ஃபாக்ஸில் இருப்பது கெக்கோ. சஃபாரியில் இருப்பது வெப்கிட். பிளிங்க், 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து போன கிளை. எட்ஜ் 2020 ஜனவரியில்தான் பிளிங்குக்கு மாறியது. அனைவரையும் வாட்டிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இன்று தொடங்குகிறவர்கள் அதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

இதனால் கிடைக்கும் நடைமுறைப் பயன் பெரிது. குரோமில் சரியாக இருந்தால் எட்ஜிலும் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்து நேரத்தைச் செலவிட வேண்டாம். ஐபோனில் நிலைமை நேர்மாறு. அங்கே குரோம் நிறுவினாலும் ஃபயர்ஃபாக்ஸ் நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆப்பிளின் விதி அப்படி. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த விதி தளர்ந்தது; நம் ஊர் ஐபோன்களுக்கு அது பொருந்தாது. ‘ஐபோன் குரோமில் கெட்டிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது சஃபாரியை.

கோப்பைத் திறக்கும் முன்

இரண்டு உலாவிகளையும் அருகருகே வைத்து, கன்ட்ரோல் விசையோடு பூஜ்யத்தை அழுத்தி இரண்டிலும் பெரிதாக்கத்தை 100 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். யாரோ ஒரு நாள் 110 சதவீதமாக்கி விட்டுப்போன உலாவியை வைத்துக்கொண்டு அரைநாள் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, கன்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சேமித்து வைத்த பழைய சிஎஸ்எஸ் போய்ப் புதியது வரும். நீட்சிகள் குறுக்கிடாதபடி தனிப்பட்ட சாளரத்திலும் ஒரு முறை திறந்து பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வேறுபாடு இருந்தால் அது உங்கள் பக்கத்தில் இருக்கிறது.

முதல் வரியைப் பாருங்கள்

எச்டிஎம்எல் கோப்பின் முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு இருக்க வேண்டும். கோண அடைப்புக்குள் வியப்புக்குறி, அதையடுத்து ‘டாக்டைப் எச்டிஎம்எல்’ என்ற இரண்டு சொற்கள், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் உலாவி ‘குவர்க்ஸ்’ நிலைக்குப் போய்விடும். 1990களில் எழுதப்பட்ட பழைய பக்கங்கள் உடையக் கூடாது என்பதற்காக உலாவிகள் இன்னும் வைத்திருக்கும் நிலை அது. அந்த நிலையில் அட்டவணைக்குள் எழுத்தளவு வெளியிலிருந்து இறங்காது. உயரக் கணக்குகள் சில மாறும். வேறு சில விசித்திரங்களும் நடக்கும். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஐ அழுத்திப் பக்கத் தகவலைத் திறந்தால் பக்கம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

தலைப்பகுதியில், பக்கத்தின் அகலத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பக்கத்தை ஐபோன் 980 பிக்சல் அகலமுள்ளதாக எண்ணிச் சுருக்கிக் காட்டும். செல்பேசியில் எழுத்து எறும்பு அளவில் தெரிகிறது என்ற புகாரில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும். எச்டிஎம்எல் குறிச்சொல்லில் மொழியைத் தமிழ் என்று குறிக்கும் ‘லேங்’ பண்பையும் சேர்த்துவிடுங்கள். எழுத்துருத் தேர்வு, சொற்களை வரி முடிவில் பிரிப்பது போன்றவற்றுக்கு உலாவி அதைப் பார்க்கிறது.

பிறகு, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி தரும் இலவசச் சரிபார்ப்புக் கருவியில் பக்கத்தைக் கொடுத்து, மூடாமல் விட்ட குறிச்சொற்களைத் திருத்துங்கள். அஸ்திவாரம் கோணலாக இருக்கும்போது சுவரைப் பூசுவதில் பயனில்லை.

எங்கே பிரிகிறது என்று கண்டுபிடிப்பது

புதியவர்கள் பலரும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, தேடலில் கிடைத்த வரிகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்க்கிறார்கள். தற்செயலாக ஒன்று வேலை செய்துவிட்டால் எந்த வரி எதற்காக வந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

முதலில், எல்லா உறுப்புகளுக்கும் சிவப்பு நிறத்தில் ஒரு பிக்சல் ‘அவுட்லைன்’ கொடுங்கள். ‘பார்டர்’ கொடுக்க வேண்டாம். அது இடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தையே மாற்றிவிடும். அவுட்லைன் இடம் எடுக்காது. இப்போது ஒவ்வொரு பெட்டியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எந்தப் பெட்டி தன் தாய்ப்பெட்டியை மீறி நிற்கிறது என்பது பெரும்பாலும் உடனே புலப்படும்.

அடுத்து எஃப்12 அழுத்தி உருவாக்குநர் கருவியைத் திறந்து, சந்தேகப்பட்ட உறுப்பைத் தேர்ந்தெடுத்து, ‘கம்ப்யூட்டட்’ என்ற பகுதிக்குப் போங்கள். நீங்கள் எழுதியது ஒருபுறம் இருக்க, உலாவி கடைசியில் ஏற்றுக்கொண்ட மதிப்புகள் அங்கே இருக்கும். அகலம், உயரம், மார்ஜின், பேடிங், எழுத்தளவு, வரி உயரம் ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மற்ற உலாவியிலும் அதே உறுப்பைப் பாருங்கள். எந்த எண் வேறுபடுகிறதோ அங்கேதான் நீங்கள் சொல்லாமல் விட்டது இருக்கிறது.

எண்கள் ஒத்துப்போயும் தோற்றம் மாறினால் சிஎஸ்எஸ் கோப்பைப் பாதியாக வெட்டுங்கள். பின்பாதியைக் குறிப்புக் குறிகளுக்குள் (கமென்ட்) அடைத்து முடக்கிவிட்டுப் பாருங்கள். வேறுபாடு நீடித்தால் காரணம் முன்பாதியில், மறைந்தால் பின்பாதியில். இப்படிப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஆயிரம் வரிக் கோப்பிலும் பத்துத் தடவைக்குள் குற்றவாளி வரி பிடிபடும்.

உலாவியின் வழக்கங்களை நாமே எழுதிவிடுவது

ஒவ்வோர் உலாவிக்குள்ளும் இயல்பு நடைதாள் (ஸ்டைல்ஷீட்) ஒன்று இருக்கிறது. பாடி உறுப்பைச் சுற்றி 8 பிக்சல் ஓரம் வருவதும், தலைப்புகள் தாமாகப் பெரிதாவதும், பட்டியலின் இடப்பக்கம் உள்தள்ளுவதும் அதனால்தான். பெரும்பாலும் ஒத்திருக்கும் இந்த நடைதாள்கள் சில இடங்களில் விலகும். ஆகவே கோப்பின் தொடக்கத்திலேயே சிலவற்றை நாமே சொல்லிவிட வேண்டும். பாடியின் மார்ஜின் பூஜ்யம். தலைப்புகளுக்கும் பத்திகளுக்கும் எழுத்தளவு, மேல் கீழ் ஓரம். படங்களுக்கு ‘டிஸ்ப்ளே: பிளாக்’, ‘மேக்ஸ்-விட்த்: 100%’. எல்லா உறுப்புகளுக்கும் ‘பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்’.

கடைசியாகச் சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். சிஎஸ்எஸ்ஸின் இயல்புக் கணக்கில் அகலம் 300 பிக்சல் என்றால் அது உள்ளடக்கத்துக்கு மட்டும். அதற்கு மேல் இருபுறமும் 16 பிக்சல் பேடிங், 1 பிக்சல் பார்டர் என்று கூட்டினால் பெட்டி 334 பிக்சல் ஆகிவிடும். பார்டர்-பாக்ஸ் என்றால் 300 என்பது எல்லாம் அடங்கிய அளவு. படிவ உறுப்புகளில் சிலவற்றை உலாவிகள் ஏற்கெனவே இந்த இரண்டாவது முறைப்படி அளக்கின்றன, சிலவற்றை முதல் முறைப்படி. அதனால்தான் பெட்டியும் பொத்தானும் ஒரே அகலம் கொடுத்தும் ஒரே அகலத்தில் நிற்பதில்லை. ஒரே வரியில் இந்தக் கணக்கு முழுவதும் நேராகிவிடும்.

உலாவிகளின் வழக்கங்களை ஒத்துப்போகச் செய்யும் நார்மலைஸ் போன்ற ஆயத்தக் கோப்புகளும் கிடைக்கின்றன, பயன்படுத்தலாம். ஆனால் எல்லாவற்றையும் அடியோடு அழிக்கும் கோப்புகளில் ஒரு தீங்கு உண்டு. விசைப்பலகையால் நகரும்போது எந்த இணைப்பில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டையும் சில கோப்புகள் அழித்துவிடும். சுட்டியைப் பிடிக்க இயலாதவர்களுக்கு அந்தக் கோடுதான் வழி. அழகுக்காக அதை எடுக்காதீர்கள்.

மூன்றாவது அட்டை ஏன் இறங்கியது

இப்போது வாசகசாலைப் பக்கத்துக்கு வருகிறேன். நூல் அட்டைகள் மூன்றையும் ‘இன்லைன்-பிளாக்’ என்று வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் 320 பிக்சல்; மூன்றும் சேர்ந்து 960. வெளிப்பெட்டியின் அகலம் 970. பத்துப் பிக்சல் மிச்சம் இருக்கிறதே, பின் ஏன் இறங்குகிறது?

இன்லைன்-பிளாக் பெட்டிகளை உலாவி சொற்களைப் போல நடத்தும். கோப்பில் ஓர் அட்டையை முடித்து அடுத்த வரியில் அடுத்த அட்டையைத் தொடங்கினால், இடையில் இருக்கும் அந்த வரிமுறிவு ஒரு வெற்றிடமாகப் பக்கத்தில் வந்து உட்காரும். வெற்றிடத்தின் அகலத்தை எழுத்துருதான் முடிவுசெய்கிறது. எழுத்தளவு 16 பிக்சல் இருக்கும்போது ஓர் எழுத்துருவில் அது 4 பிக்சலாக இருக்கும், இன்னொன்றில் 5 பிக்சலைத் தாண்டும். மூன்று அட்டைகளுக்கு நடுவே இரண்டு வெற்றிடங்கள். என் மடிக்கணினியில் மொத்தம் 968 பிக்சல் வந்து அடங்கியது; வாசகசாலைக் கணினியில் 970ஐத் தாண்டியதால் கடைசி அட்டை இறங்கியது. உலாவிக்கு உலாவி மாறியது எழுத்துரு. எந்த எழுத்துரு என்று சொல்லாமல் விட்டது நான்.

இதற்குத் தீர்வாக அட்டையின் அகலத்தை 318 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். அது காய்ச்சலுக்கு ஈரத்துணி மட்டும் போடுவது போன்றது. அட்டைகளை அடுக்க இன்லைன்-பிளாக்கையோ ஃபுளோட்டையோ விட்டுவிட்டு, பெட்டிகளை வரிசையாகவோ கட்டங்களாகவோ அடுக்கவென்றே சிஎஸ்எஸ்ஸில் உள்ள ஃபிளெக்ஸ் அல்லது கிரிட் முறைக்கு மாறுங்கள். அவற்றில் கோப்பில் உள்ள வெற்றிடம் கணக்கில் வராது. இடைவெளியை ‘கேப்’ என்ற பண்பால் நாமே சொல்கிறோம்.

நான் ஃபிளெக்ஸுக்கு மாற்றினேன். வாசகசாலைக் கணினியில் சரியானது. செயலாளரின் ஐபோனிலோ அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. காரணம் இதுதான்: ஃபிளெக்ஸுக்குள் கேப் என்பதை ஃபயர்ஃபாக்ஸ் 2018இலும் குரோம் 2020இலும் ஏற்றன, சஃபாரி 14.1 பதிப்பில், 2021இல்தான் ஏற்றது. அவர் கையிலிருப்பது ஐபோன் 6. அதற்கு ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 12ஆம் பதிப்புக்கு மேல் கிடையாது. ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படும் என்பதால் அந்தப் போனில் சஃபாரி 2018ஆம் ஆண்டின் அறிவோடு நின்றுவிட்டது. நன்றாக ஓடும் போனை நம் பக்கத்துக்காக மாற்றச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

கிரிட் முறைக்குள் கேப் அந்தப் போனிலும் வேலை செய்யும். கிரிட் 2017 மார்ச்சிலேயே மூன்று என்ஜின்களுக்கும் வந்துவிட்டது. ஆகவே அட்டைகளைக் கிரிட்டில் வைத்தேன். ‘கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்’ பண்பில் ரிபீட், அதற்குள் ஆட்டோ-ஃபில், அதற்குள் மின்மேக்ஸ் 260 பிக்சல் முதல் 1எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) வரை என்று எழுதினால் அகலத் திரையில் மூன்று, நடுத்தரத்தில் இரண்டு, செல்பேசியில் ஒன்று என்று தானாகவே அடுக்கிக்கொள்ளும். திரை அகலத்துக்கேற்பத் தனித்தனி விதிகள் எழுதும் வேலையும் குறைந்தது.

தமிழ்ப் பக்கங்களுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைத் தொடுவதில்லை. நமக்கோ சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது. எழுத்துருவைக் குறிப்பிடாத தமிழ்ப் பக்கத்தை விண்டோஸ் பெரும்பாலும் நிர்மலா யூஐ எழுத்துருவில் காட்டும். பழைய விண்டோஸில் லதா. ஆண்ட்ராய்டில் பொதுவாக நோட்டோ சான்ஸ் தமிழ். ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் எம்என். ஒரே 16 பிக்சல் அளவிலும் இவற்றின் அகலம், உயரம், தடிமன் எல்லாம் வேறு. ஒன்றில் ஒரு வரியில் அடங்கிய தலைப்பு இன்னொன்றில் இரண்டு வரியாகும். அதன் கீழே உள்ள எல்லாம் நகரும். ‘உலாவி வேறுபாடு’ என்று நாம் அழைப்பது பலமுறை எழுத்துரு வேறுபாடுதான்.

இதற்கு மூன்று வேலைகள் செய்ய வேண்டும். இணைய எழுத்துரு ஒன்றைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்புவது முதலாவது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை போன்றவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சாதாரணம், தடிமன் இரண்டு வடிவங்களையும் சேருங்கள். தடிமன் வடிவம் இல்லாவிட்டால் உலாவி சாதாரண எழுத்தையே செயற்கையாகத் தடிக்கவைக்கும். ஒவ்வொன்றும் ஒருவிதமாகச் செய்யும், சுழிகள் அடைபட்டுப்போகும். ‘ஃபாண்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்’ சேர்த்தால், இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்திலும் எழுத்துரு வந்து சேரும்வரை பக்கம் வெறுமையாக நிற்காது.

இரண்டாவது, வரி உயரம். ‘லைன்-ஹைட்’ சொல்லாவிட்டால் எழுத்துருவின் உள்ளே பதிந்திருக்கும் அளவை உலாவி எடுத்துக்கொள்ளும். தமிழுக்கு 1.6 அல்லது 1.7 என்று, அலகு எதுவும் சேர்க்காமல் எழுதுங்கள். அலகில்லாமல் எழுதினால் ஒவ்வொரு உறுப்பும் தன் எழுத்தளவுக்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளும். பிக்சலில் எழுதினால் பெரிய தலைப்பின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இதையொட்டி ஒன்று: பொத்தானுக்கும் தலைப்புப் பட்டைக்கும் ‘ஹைட்’ கொடுத்து உயரத்தைப் பூட்டாதீர்கள். ஆங்கில எழுத்தை வைத்து அளந்த பெட்டியில் ‘கீ’யின் மேற்சுழியோ ‘ழு’வின் கீழ்வளைவோ வெட்டுப்படும். மேலும் கீழும் பேடிங் கொடுத்து, வேண்டுமானால் ‘மின்-ஹைட்’ கொடுங்கள். எழுத்து தனக்கு வேண்டிய இடத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, நீண்ட சொற்கள். ‘பதிப்பகத்தாரிடமிருந்து’, ‘உறுப்பினராகிவிட்டவர்களுக்கு’ என்று தமிழ் வேற்றுமையையும் துணைவினையையும் ஒட்டிக்கொண்டே போகும். ஃபிளெக்ஸ், கிரிட் இரண்டிலும் ஓர் உறுப்பு தன் உள்ளே உள்ள மிக நீண்ட சொல்லை விடச் சுருங்க மறுக்கும். அது இயல்பு விதி. அதனால் நீளமான நூல் தலைப்பு ஒன்று வந்தால் அந்த அட்டை மட்டும் அகலமாகி மற்றவற்றை நெருக்கும். அட்டைக்கு ‘மின்-விட்த்: 0’ கொடுத்து, ‘ஓவர்ஃபுளோ-ராப்: பிரேக்-வேர்ட்’ சேர்த்தால் தீர்ந்தது. ‘வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல்’ என்பதைத் தமிழுக்குப் பயன்படுத்த வேண்டாம். இடம் இருக்கும்போதுகூட அது சொற்களைக் கண்ட இடத்தில் முறித்து, படிக்கிறவரைத் தடுக்கிவிழச் செய்யும்.

படிவம்

உள்ளீட்டுப் பெட்டி, தெரிவுப் பட்டியல், பொத்தான் ஆகியவை பக்கத்தின் எழுத்துருவை இயல்பாக ஏற்பதில்லை. தங்களுக்கென்று சிறிய எழுத்தளவை வைத்துக்கொள்கின்றன. இந்த உறுப்புகள் எல்லாவற்றுக்கும் ‘ஃபாண்ட்: இன்ஹெரிட்’ என்ற ஒரு வரி போதும். பக்கத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுப் பெட்டியில் அதைவிடச் சிறிய எழுத்து இருந்தால், தொட்டவுடன் ஐபோன் சஃபாரி பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். படிவம் ஓரத்துக்குப் போய்விட்டது என்று பயனர்கள் சொல்வது இதைத்தான். பெரிதாக்குவதையே தடைசெய்யும் வரியை வியூபோர்ட்டில் சேர்க்கும்படி சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பெரிதாக்கிப் படிப்பது ஒன்றே துணை.

தெரிவுப் பட்டியலின் தோற்றம் உலாவிக்கு உலாவி மாறும். அதை ‘அப்பியரன்ஸ்: நன்’ கொடுத்து அழித்து, அம்புக்குறியை நாமே வரைந்து ஒரே மாதிரி ஆக்க முடியும். நான் செய்யவில்லை. செயலாளர் தன் போனில் தினமும் பார்க்கும் பட்டியல் வடிவம் அவருக்குப் பழகியது. அதை மாற்றுவதால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை.

காணாமல்போன பொத்தான்

பக்கம் முழுவதையும் 100விஎச், அதாவது முழுத் திரை உயரமுள்ள பெட்டிக்குள் வைத்து, பொத்தானை அதன் அடியில் நிறுத்தியிருந்தேன். செல்பேசி உலாவிகளில் முகவரிப் பட்டையும் கருவிப் பட்டையும் தோன்றும், மறையும். 100விஎச் என்பது அவை மறைந்திருக்கும்போது உள்ள பெரிய உயரம். பட்டைகள் தெரியும்போது பெட்டியின் அடிப்பகுதி அவற்றின் பின்னால் போய்விடும். பொத்தான் அங்கேதான் இருந்தது.

இதற்காகவே டிவிஎச் என்ற அலகு வந்திருக்கிறது. பட்டைகளின் நிலைக்கேற்ப அது மாறிக்கொள்ளும். சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றும் 2022இல் அதை ஏற்றன. முதலில் ‘ஹைட்: 100விஎச்’, அதன் கீழே ‘ஹைட்: 100டிவிஎச்’ என்று இரண்டு வரிகளையும் எழுதுங்கள். தனக்குப் புரியாத வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்ததைப் படிப்பது சிஎஸ்எஸ்ஸின் அடிப்படை விதி. பழைய உலாவி முதல் வரியோடு நிற்கும். புதியது இரண்டாவதை எடுத்துக்கொள்ளும்.

ஐஓஎஸ் 12 போனுக்கு அது உதவாது. ஆகவே உயரப் பெட்டியையே நீக்கிவிட்டு, பொத்தானுக்கு ‘பொசிஷன்: ஃபிக்ஸ்ட்’, ‘பாட்டம்: 0’ கொடுத்தேன், கடைசிப் பத்தி அதன் அடியில் மறையாதபடி பாடிக்குக் கீழே பேடிங் கொடுத்தேன். பொத்தான் தெரிந்தது. எளிய பழைய முறை போதுமான இடத்தில் புதியதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

அகலத்திலும் இதைப் போன்ற ஒரு பொறி இருக்கிறது. திரையின் முழு அகலத்தைக் குறிக்கும் 100விடபிள்யூ, உருள்பட்டையின் இடத்தையும் சேர்த்து எண்ணும். மேக்கிலும் செல்பேசியிலும் உருள்பட்டை பெரும்பாலும் பக்கத்தின் மேலே மிதப்பதால் வேறுபாடு தெரியாது. விண்டோஸில் அது ஏறத்தாழ 15 பிக்சல் எடுத்துக்கொள்ளும். பக்கம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அகலத்துக்கு 100% எழுதினால் போதும்.

புதிய வசதியைப் பயன்படுத்தும்போது

ஒரு பண்பை எழுதும் முன் ‘கேன் ஐ யூஸ்’ தளத்திலோ, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்களிலோ அதைத் தேடிப் பாருங்கள். எந்த உலாவியின் எந்தப் பதிப்பு முதல் அது கிடைக்கிறது என்று தெரியும். எம்டிஎன்னில் ‘பேஸ்லைன்’ என்ற குறியும் இருக்கும். பரவலாகக் கிடைக்கிறது என்று அதில் இருந்தால், முக்கிய உலாவிகள் அனைத்திலும் அந்த வசதி வந்து 30 மாதங்கள் ஆகிவிட்டன என்று பொருள்.

உலாவி ஏற்கிறதா என்று சிஎஸ்எஸ்ஸுக்குள்ளேயே கேட்க ‘சப்போர்ட்ஸ்’ விதி இருக்கிறது. முதலில் எங்கும் ஓடும் எளிய நடையை எழுதி, பிறகு அந்த விதிக்குள் புதியதை எழுதலாம். ஆனால் ஃபிளெக்ஸுக்குள் கேப் வேலை செய்கிறதா என்பதை மட்டும் அது சொல்லாது. கிரிட்டுக்குள் கேப் தெரிந்த பழைய சஃபாரியும் ‘எனக்குத் தெரியும்’ என்றே பதில் தரும். நான் கிரிட்டுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உலாவியின் பெயரைப் படித்து ‘சஃபாரி என்றால் இப்படி, குரோம் என்றால் அப்படி’ என்று நிரல் எழுத வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் தளங்கள் அப்படிப் பெயர் பார்த்துப் பக்கம் கொடுத்ததால், பக்கம் கிடைக்க வேண்டி உலாவிகள் ஒன்றன் பெயரை மற்றொன்று சொல்லத் தொடங்கின. இன்றும் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றுமே தங்களை ‘மொசில்லா/5.0’ என்றுதான் அறிமுகம் செய்துகொள்கின்றன.

ஐபோன் இல்லாமல் சோதிப்பது

விண்டோஸுக்கான சஃபாரி 2012ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய பதிப்பைத் தேடி நிறுவாதீர்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் க்னோம் வெப் உலாவியை நிறுவிக்கொள்ளலாம்; அதன் உள்ளே இருப்பது வெப்கிட். விண்டோஸில் பிளேரைட் என்ற இலவசச் சோதனைக் கருவி, வெப்கிட்டின் ஒரு பதிப்பையும் தன்னோடு கொண்டுவருகிறது. அட்டை அடுக்கு, எழுத்து பெட்டியை மீறி வழிவது போன்றவற்றை இவற்றில் பார்த்துவிட முடியும். கருவிப் பட்டை மறைப்பது, தொட்டால் பெரிதாவது போன்றவை உண்மையான ஐபோனில்தான் தெரியும். யாரிடமாவது பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். புதிய போனைவிட வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய போன் கிடைத்தால் நல்லது.

எல்லா உலாவியிலும் பிக்சல் பிசகாமல் ஒரே தோற்றம் வேண்டும் என்று முயல வேண்டாம். எழுத்து படிக்க முடிகிறதா, எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கிறதா, படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்று பாருங்கள். வாசகசாலைப் பக்கத்தில் நான் அளந்தது இந்த மூன்றையும்தான். அட்டையின் நிழல் ஒன்றில் மென்மையாகவும் இன்னொன்றில் சற்று அழுத்தமாகவும் விழுகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

பழைய உலாவிக்காக நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் மேலே சிஎஸ்எஸ் கோப்பிலேயே ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தக் கருவிக்காக, எந்த ஆண்டில், யார் சொன்ன புகாருக்காக என்று. என் கோப்பில் பொத்தானுக்கு மேலே ‘ஐஓஎஸ் 12, செயலாளரின் போன்’ என்று இருக்கிறது. அவர் போனை மாற்றும் நாளில் எந்த வரிகளை நீக்கலாம் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.